மேயருக்கு 4 ஆண்டு, ஒப்பந்தத்துக்கு 75 ஆண்டு

உள்ளாட்சித் தேர்தல் அறிக்கைகளை எந்த நாட்டில் எடுத்துப் புரட்டினாலும் சில வரிகள் மாறாமல் இருக்கும். எல்லா வீட்டுக்கும் தண்ணீர். குப்பை இல்லாத நகரம். கட்டண உயர்வு கிடையாது. தனியாரிடம் போனதைத் திரும்ப வாங்குவோம், அல்லது நஷ்டத்தில் ஓடுவதைத் தனியாரிடம் கொடுத்துச் சீர்செய்வோம். இது மட்டும் கட்சிக்குக் கட்சி மாறும். இவற்றை எழுதுகிறவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. பலர் செய்து காட்ட வேண்டும் என்றுதான் எழுதுகிறார்கள். சிக்கல் காலக்கணக்கில் இருக்கிறது.

ஒரு கவுன்சிலின் பதவிக்காலம் மூன்று, நான்கு, மிஞ்சினால் ஐந்தாறு ஆண்டுகள். தண்ணீர் விநியோகத்துக்கோ குப்பை எரிஉலைக்கோ போடும் ஒப்பந்தம் 20, 25 ஆண்டுகள் ஓடும். மண்ணுக்கடியில் போடும் பெரிய குழாய் 50 முதல் 100 ஆண்டு வரை உழைக்க வேண்டும் என்ற கணக்கில் போடப்படுகிறது. அறிக்கை முதல் கணக்கில் எழுதப்படுகிறது. ஊருக்குத் தண்ணீர் வருமா, குப்பை எடுக்கப்படுமா என்பது பெரும்பாலும் மற்ற இரண்டு கணக்கில் ஏற்கெனவே முடிவாகியிருக்கும்.

கனடாவின் கால்கரி நகரத்தைப் பாருங்கள். பல் சொத்தையைத் தடுக்கக் குடிநீரில் ஃபுளோரைடு கலக்கலாமா கூடாதா என்று அந்த ஊர் 1957 முதல் பலமுறை வாக்கெடுப்பு நடத்தியிருக்கிறது. 2011இல் கவுன்சில் ஓட்டெடுத்து ஃபுளோரைடை நிறுத்தியது. குழந்தைகளின் பல் சொத்தை பற்றிய ஆய்வுகள் வந்த பிறகு, 2021 உள்ளாட்சித் தேர்தலோடு சேர்த்து மறுபடி மக்களிடம் கேட்டார்கள். 62% பேர் வேண்டும் என்றார்கள். கருவிகளை எடுத்துவிட்டிருந்ததால் திரும்பப் பொருத்த 2.81 கோடி கனடா டாலர் செலவானது. 2025 ஜூன் கடைசியில்தான் கலப்பது மீண்டும் தொடங்கியது. இது முக்கியமான விவாதம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் இதற்கிடையில், 2024 ஜூன் 5 அன்று, அந்த நகரத்தின் தண்ணீரில் ஏறக்குறைய 60% போகும் ராட்சதக் குழாய் வெடித்தது. 1975இல் போட்ட கான்கிரீட் குழாய். நூறு ஆண்டு உழைக்கும் என்று நம்பியது ஐம்பதுகூடத் தாண்டவில்லை. பதின்மூன்று லட்சம் பேருக்கு மேல் வாழும் ஊர் வாரக்கணக்கில் குளிப்பதையும் துவைப்பதையும் குறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஃபுளோரைடுக்கு அத்தனை வாக்கெடுப்பு நடத்திய ஊரில் அந்தக் குழாய்க்காக ஒரு வாக்கெடுப்பும் நடந்ததில்லை.

மண்ணுக்கடியில் இருப்பது ஓட்டு வாங்கித் தராது என்பது அரசியல்வாதிகளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு பூங்கா திறந்தால் ரிப்பன் வெட்டலாம். பழைய மெயின் பைப்பை மாற்றினால் கிடைப்பது தோண்டிய சாலை, போக்குவரத்து நெரிசல், வியாபாரிகளின் கோபம். பலன் என்ன என்றால், எதுவும் நடக்காமல் இருப்பது. நடக்காததைப் போஸ்டரில் போட முடியாது.

அறிக்கையைப் படிக்கும்போது முதலில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இதைச் செய்யும் அதிகாரம் இவர்களுக்கு இருக்கிறதா? சலிப்பான கேள்வி என்பதால் பலரும் கேட்பதில்லை. இங்கிலாந்தில் குடிநீரும் கழிவுநீரும் 1989 முதல் தனியார் நிறுவனங்கள் கையில். ஆற்றில் சாக்கடை கலந்தால் வீடு தேடி வரும் கவுன்சில் வேட்பாளரிடம்தான் மக்கள் கேட்கிறார்கள், அவரும் ஆவேசமாகப் பதில் சொல்வார். கண்டனத் தீர்மானம் போடுவதைத் தாண்டி அவரால் அதிகம் செய்ய முடியாது. குப்பையிலும் அங்கே பல ஊர்களில் அள்ளுவது ஒரு கவுன்சில், கொட்டுவதற்கும் எரிப்பதற்கும் பொறுப்பு வேறொரு கவுன்சில். அள்ளும் கவுன்சில் வேட்பாளர் எரிஉலையை மூடுவேன் என்றால் கைதட்டலாம், நம்ப வேண்டாம்.

அதிகாரம் இல்லாத கவுன்சில் எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்காவின் பிளின்ட் நகரத்தைவிடக் கசப்பான உதாரணம் கிடைக்காது. அப்போது சுமார் ஒரு லட்சம் பேர் வாழ்ந்த ஊர். நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி மிச்சிகன் மாநில அரசு 2011 கடைசியில் அங்கே ஒரு அவசர நிர்வாகியை நியமித்தது. மேயரும் கவுன்சிலும் பெயரளவுக்கு இருந்தார்கள், கையெழுத்து நிர்வாகியுடையது. 2014 ஏப்ரல் 25 அன்று செலவைக் குறைக்க டெட்ராய்ட் தண்ணீரை நிறுத்திவிட்டு உள்ளூர் ஆற்றுத் தண்ணீருக்கு மாறினார்கள். அந்தத் தண்ணீர் குழாயை அரிக்கும் தன்மை கொண்டது. அரிப்பைத் தடுக்கச் சேர்க்க வேண்டிய ரசாயனத்தைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் தண்ணீரில் இறங்கியது. அதே ஆண்டு அக்டோபரிலேயே, அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை இந்தத் தண்ணீர் எங்கள் இன்ஜின் பாகங்களை அரிக்கிறது என்று சொல்லி இணைப்பை மாற்றிக்கொண்டது. இன்ஜினுக்கு ஆகாத தண்ணீரைக் குழந்தைகள் இன்னும் ஓர் ஆண்டு குடித்தார்கள். 2015 மார்ச்சில் கவுன்சில் 7க்கு 1 என்ற கணக்கில் டெட்ராய்ட் தண்ணீருக்குத் திரும்ப வேண்டும் என்று வாக்களித்தது. நிர்வாகி முடியாது என்றார், அவ்வளவுதான். அந்த அக்டோபரில் விஷயம் நாடு முழுக்க வெடித்த பிறகே பழைய தண்ணீர் வந்தது. அடுத்த மாதம் நடந்த மேயர் தேர்தலில், மாற்றத்தின்போது பொத்தானை அழுத்தி விழா நடத்திய அன்றைய மேயர் டேய்ன் வாலிங் தோற்றார். முடிவெடுத்த நிர்வாகிகள் நியமனத்தில் வந்தவர்கள், தேர்தலைச் சந்திக்க வேண்டியதில்லை.

சரி, அப்படியானால் சின்னக் கவுன்சில்களிடமிருந்து தண்ணீரை எடுத்துப் பெரிய அமைப்பிடம் கொடுத்துவிட்டால் தீர்ந்துவிடுமா? நியூசிலாந்து அதைத்தான் முயன்று பார்த்தது. 2016 ஆகஸ்டில், கனமழைக்குப் பிறகு, ஹேவ்லாக் நார்த் என்ற சிற்றூரின் ஆழ்துளைக் கிணற்றில் ஆட்டுப் புழுக்கை கலந்த நீர் இறங்கி, ஆயிரக்கணக்கானவர்கள் நோயில் விழுந்தார்கள். ஊரின் மொத்த மக்கள்தொகையே 14,000 அளவுதான். நான்கு மரணங்கள் இதோடு தொடர்புபடுத்தப்பட்டன. விசாரணை உள்ளூர் நிர்வாகங்களின் அலட்சியத்தைத் தோலுரித்தது. அதன் தொடர்ச்சியாக, 67 கவுன்சில்கள் கையிலிருந்த குடிநீர், கழிவுநீர், மழைநீர் மூன்றையும் நான்கே பெரிய அமைப்புகளிடம் கொடுக்கும் திட்டத்தை அன்றைய தொழிற்கட்சி அரசு கொண்டுவந்தது. 2022 உள்ளாட்சித் தேர்தலில் பல ஊர்களில் இதுவே பெரிய பேச்சு. எங்கள் தாத்தாக்கள் போட்ட குழாயைத் தலைநகரம் பிடுங்குவதா என்ற கோபம். ஆக்லாந்தில் இந்தத் திட்டத்தை எதிர்த்த வெய்ன் பிரவுன் மேயரானார். அரசு 2023இல் நான்கைப் பத்தாக்கிப் பார்த்தது. ஆட்சி மாறி, 2024 பிப்ரவரியில் சட்டமே ரத்தானது.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, ஆனால் எதிர்த்தவர்கள் வசதியாக மறந்த ஒன்று உண்டு. அங்கே கவுன்சில் பதவிக்காலம் மூன்றே ஆண்டுகள். பல பத்தாண்டுகளாக ஒவ்வொரு கவுன்சிலும் வீட்டு வரியை ஏற்றாமல் இருக்கக் குழாய் மாற்றுவதைத் தள்ளிப்போட்டே வந்திருக்கிறது. உள்ளூர் அதிகாரம் வேண்டும் என்று கேட்டு வாங்கியவர்கள், அந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு அடுத்த கவுன்சில் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் பெரும்பாலும் முடிவெடுத்தார்கள்.

இனி ஒப்பந்தங்களுக்கு வருவோம். உள்ளாட்சி அரசியலில் உண்மையான சண்டை நடக்க வேண்டிய இடம் இதுதான், பெரும்பாலும் நடக்காத இடமும் இதுதான்.

பாரிஸும் பெர்லினும் தனியாரிடம் போன தண்ணீரைத் திரும்பப் பெற்றன. இரண்டு ஊரிலும் முழக்கம் கிட்டத்தட்ட ஒன்றுதான். விலைதான் வேறு. பாரிஸில் 1985இல், ஜாக் சிராக் மேயராக இருந்தபோது, விநியோகம் 25 ஆண்டு ஒப்பந்தத்தில் இரண்டு நிறுவனங்களிடம் போனது. சென் ஆற்றின் ஒரு கரை இன்றைய சூயஸுக்கு, மறு கரை இன்றைய வியோலியாவுக்கு. 2001இல் மேயரான பெர்ட்ராண்ட் டெலனோயே உடனே ஒப்பந்தத்தைக் கிழித்துப் போடவில்லை. 2008இல் மறுதேர்தலுக்கு நின்றபோது, ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். 2009 டிசம்பர் 31 அன்று ஒப்பந்தம் தானாக முடிந்தது. மறுநாள் காலை 'ஓ தெ பாரி' என்ற நகரத்தின் சொந்த நிறுவனம் பொறுப்பேற்றது. ஒப்பந்தத்தை முறித்ததற்கான நஷ்டஈடு இல்லை. முதல் ஆண்டில் சுமார் 3.5 கோடி யூரோ மிச்சம், 2011இல் தண்ணீர் விலையில் 8% குறைப்பு. வெளியிலிருந்து பார்த்தால் சுலபமாகத் தெரியும். ஆனால் கணினி முறை, பில் போடும் விவரம், மீட்டர் கணக்கு, ஊழியர்கள் என்று எல்லாவற்றையும் மாற்றும் வேலை கெடு தேதிக்கு முன்னாலேயே நடந்தாக வேண்டியிருந்தது. தண்ணீருக்குப் பொறுப்பாக இருந்த துணை மேயர் ஆன் லெ ஸ்த்ரா இந்த ஒரு வேலையிலேயே ஆண்டுகளைச் செலவிட்டார்.

பெர்லினில் கதை வேறு. 1999இல், காசுக்குத் திண்டாடிய நகரம் தன் தண்ணீர் நிறுவனத்தின் 49.9% பங்கை 330 கோடி மார்க்குக்கு (யூரோவுக்கு முந்தைய ஜெர்மன் நாணயம்) தனியாரிடம் விற்றது. பெரும்பான்மைப் பங்கு நகரத்திடம்தானே இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். ஒப்பந்தம் ரகசியமாக வைக்கப்பட்டது. வாங்கியவர்களுக்கு லாபம் உறுதி செய்யப்பட்டிருந்தது. லாபக் கணக்கு முறையை நீதிமன்றம் செல்லாது என்றால் நகரமே ஈடுகட்ட வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். தண்ணீர் விலை ஏறியது. ஒப்பந்தத்தை வெளியிடச் சொல்லி மக்கள் கையெழுத்துத் திரட்டி, 2011 பிப்ரவரியில் வாக்கெடுப்பை நடத்தவைத்தார்கள். வாக்களித்தவர்களில் 98% பேர் வெளியிடு என்றார்கள். தண்ணீரைத் திருப்பிக் கொடு என்று அதில் கேட்கவே இல்லை, தாளைக் காட்டு என்பதுதான் கோரிக்கை. அப்புறம் 2012இலும் 2013இலும், பங்கு வைத்திருந்த இரண்டு தனியார் நிறுவனங்களிடமிருந்தும் நகரம் அவற்றைத் திரும்ப வாங்கியது. இரண்டுக்கும் சேர்த்து 120 கோடி யூரோவுக்கு மேல். ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரும்ப வாங்கினால் இப்படித்தான் ஆகும். அந்தப் பணம் தண்ணீர்க் கட்டணத்திலிருந்துதான் அடைபட வேண்டும்.

ஆக, திரும்ப எடுப்போம் என்கிற வேட்பாளரிடம் கொள்கையைப் பற்றிக் கேட்பதைவிட, ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது என்று கேட்பது பயன்தரும். அது அவருடைய பதவிக்காலத்துக்குள் முடிகிறதென்றால் அந்தத் தேர்தல் முக்கியமான தேர்தல். பத்து ஆண்டு கழித்து முடிகிறதென்றால், நஷ்டஈடு எவ்வளவு, எங்கிருந்து வரும் என்று கேட்க வேண்டும்.

ஒப்பந்தங்களில் மோசமானது எது என்று என்னைக் கேட்டால், தண்ணீரை விட்டுவிட்டுச் சிகாகோவின் பார்க்கிங் மீட்டரைச் சொல்வேன். 2008 டிசம்பரில், சுமார் 36,000 மீட்டர்களின் வருமானத்தை ஒரு தனியார் குழுமத்துக்கு 75 ஆண்டு குத்தகைக்கு விட்டார் மேயர் ரிச்சர்ட் டேலி. தொகை சுமார் 115 கோடி டாலர். திட்டம் அறிவிக்கப்பட்டு இரண்டே நாளில் கவுன்சில் 40க்கு 5 என்று அங்கீகரித்தது. மறு ஆண்டு நகரத்தின் தலைமை ஆய்வாளர் அறிக்கை தந்தார்: குறைந்தபட்சம் 97.4 கோடி டாலர் குறைவாக விற்றிருக்கிறீர்கள். பட்ஜெட் பள்ளத்தை அடைக்க அந்தப் பணத்தின் பெரும்பகுதி சில ஆண்டுகளிலேயே கரைந்தது. இன்றும் ஒரு தெருவை விழாவுக்காக மூடினால், சைக்கிள் பாதைக்காகப் பார்க்கிங்கை எடுத்தால், நகரம் அந்தக் குழுமத்துக்கு ஈடு தர வேண்டும். சொந்தத் தெருவில் நடைபாதையை அகலமாக்கக் குத்தகைதாரரின் கணக்கைப் பார்க்க வேண்டிய நிலை. குத்தகை முடிவது 2080களில். கைதூக்கிய 40 பேருக்கும் நான்கு ஆண்டுப் பதவிக்காலம்.

இதையெல்லாம் வைத்து, பொதுத்துறை என்றால் நல்லது, தனியார் என்றால் கெட்டது என்று முடித்துவிட ஆசைதான். பொலிவியாவின் கொச்சபாம்பா அதற்கு இடம் தராது. 1999இல் தண்ணீர் ஒரு பன்னாட்டுக் குழுமத்திடம் போனது, கட்டணம் எகிறியது, மக்கள் தெருவில் இறங்கினார்கள், 2000 ஏப்ரலில் ஒப்பந்தம் ரத்தானது. உலகமே கொண்டாடிய வெற்றி. தண்ணீர் நகராட்சி நிறுவனத்திடம் திரும்பியது. ஆனால் நகரின் தெற்குப் பகுதி ஏழைகள் பல ஆண்டுகள் கழித்தும் லாரித் தண்ணீரையே விலைகொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே குழாயே போகவில்லை என்பதுதான் காரணம். குழாய் இல்லாத இடத்தில் முதலாளி மாறியதால் என்ன மாறும்?

கம்போடியாவின் ப்னாம் பென் நகரத்தில் தண்ணீர் அரசு நிறுவனத்திடமே இருந்தது, இருந்தும் 1993இல் விட்ட தண்ணீரில் 72% கணக்கில் வராமல் போனது. கசிவிலும் திருட்டு இணைப்பிலும் போனது. பொறியாளர் ஏக் சொன் சான் பொறுப்பேற்று, மீட்டர் பொருத்தி, கள்ள இணைப்புகளை வெட்டி, கட்டாதவர்களின் இணைப்பைத் துண்டித்தார். பெரிய இடம், சின்ன இடம் பார்க்கவில்லை. ஒரு ராணுவத் தளபதி வீட்டில் மீட்டர் பொருத்தப் போனபோது தலையில் துப்பாக்கி வைக்கப்பட்டதை அவரே சொல்லியிருக்கிறார். 2010 வாக்கில் அந்த 72% சுமார் 6% ஆகியிருந்தது, நகரத்துக்கு 24 மணி நேரமும் தண்ணீர். இங்கே எனக்கு ஒரு சங்கடம் உண்டு, மறைக்கத் தேவையில்லை: அவர் தேர்தலில் வென்று வந்தவர் இல்லை. அவர் செய்ததை ஓட்டுக் கேட்டு வரும் ஒருவர் அறிக்கையில் எழுத முடியுமா என்பது சந்தேகம்தான். "உங்கள் தெருவின் கள்ள இணைப்புகளை வெட்டுவேன்" என்று யாரும் துண்டறிக்கை அடிப்பதில்லை.

24 மணி நேரத் தண்ணீர் என்று வாக்குறுதி வந்தால் இதனால்தான் கசிவு எவ்வளவு என்று முதலில் பார்க்க வேண்டும். ஓட்டைக் குழாயில் அழுத்தத்தை நாள் முழுக்க வைத்தால் கசிவும் நாள் முழுக்க நடக்கும். புது அணை, புது நீரேற்று நிலையம், கடல்நீர் ஆலை எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டிய வேலை அது. ஆனால் கசிவைக் கண்டுபிடிக்கும் குழு இரவில் காதில் கருவியை வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடக்கும். அதற்குத் திறப்பு விழா கிடையாது.

கட்டணம்தான் வேட்பாளர்கள் அதிகம் பயப்படும் இடம். தென்னாப்பிரிக்கா 2001 முதல் ஒரு குடும்பத்துக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம் என்ற கொள்கையை வைத்திருக்கிறது. எட்டுப் பேர் இருக்கும் வீடு என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 லிட்டர். நல்ல கொள்கை. அதன் பலன் முதலில் போவது ஏற்கெனவே குழாயும் மீட்டரும் இருக்கும் வீட்டுக்கு. அதே நாட்டின் கேப் டவுன் 2018இல் தண்ணீர் தீர்ந்துவிடும் நாளை எண்ணிக்கொண்டிருந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு. மக்கள் கட்டுப்பட்டார்கள், நகரத்தின் நுகர்வு சில ஆண்டுகளுக்கு முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கியது. உடனே அடுத்த தலைவலி: தண்ணீர் விற்பனை குறைந்ததால் நகரத்தின் வருமானம் விழுந்தது. குழாய், பம்ப், ஊழியர் செலவு எதுவும் குறையவில்லை. வீட்டு மதிப்பை வைத்து வறட்சி வரி போடப் பார்த்தார்கள். ஆட்சேபங்கள் குவிந்ததும் கைவிட்டார்கள். கடைசியில் இணைப்புக் குழாயின் அளவைப் பொறுத்து மாதாமாதம் நிலைக் கட்டணம் வந்தது. சிக்கனமாக இருந்ததற்குத் தண்டனையா என்று மக்கள் கேட்டதில் தப்பில்லை. பதிலும் சிக்கலானதில்லை. தண்ணீர்த் துறையின் செலவில் பெரும்பகுதி நாம் குழாயைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் ஆகிற செலவு. கட்டண உயர்வே கிடையாது என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், அந்தச் செலவைச் சொத்து வரியில் போடப்போகிறாரா, கடனில் போடப்போகிறாரா, அல்லது குழாயை மாற்றாமலே விடப்போகிறாரா என்ற மூன்றில் ஒன்றையும் சேர்த்து எழுதியிருக்கிறார் என்றே அர்த்தம். மூன்றாவதுதான் அடிக்கடி நடப்பது.

உயர்த்தினால் தோற்றுவிடுவோம் என்ற பயம் எப்போதும் சரியா என்பதும் கேள்விதான். அட்லாண்டா 1999இல் தன் தண்ணீரை 20 ஆண்டுக்குத் தனியாரிடம் கொடுத்தது. பழுப்புத் தண்ணீர், உடையும் குழாய்கள், கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்ற அறிவிப்புகள். 2002இல் மேயரான ஷெர்லி பிராங்க்ளின் மறு ஆண்டே ஒப்பந்தத்தை முடித்துவைத்தார். அதோடு நிறுத்தாமல், கழிவுநீர் ஆற்றில் கலப்பதை நிறுத்த நகரம் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டிருந்த வேலைகளைக் கையில் எடுத்து, கட்டணத்தை நன்றாகவே ஏற்றினார். 2004இல் இதற்கென்றே 1% விற்பனை வரி வேண்டும் என்று மக்களிடம் வாக்கெடுப்புக்குப் போனார், மக்கள் சம்மதித்தார்கள். தன்னைச் 'சாக்கடை மேயர்' என்று அவரே சொல்லிக்கொள்வார். 2005இல் 90%க்கு மேல் ஓட்டு வாங்கி மறுபடி ஜெயித்தார். எல்லா ஊரிலும் இப்படி நடக்கும் என்று சொல்ல வரவில்லை. எவ்வளவு ஏறும், எதற்குப் போகும், எப்போது முடியும் என்று மூன்றையும் அவர் முன்கூட்டியே சொன்னார் என்பதைக் கவனிக்கலாம்.

குப்பைக்கு வந்தால், கணக்கு இன்னும் மறைவாக இருக்கும். வீட்டுக் குப்பைக்குப் பல ஊர்களில் தனி பில்லே கிடையாது, வேறொரு வரிக்குள் ஒளிந்திருக்கும். தைவானின் தைபேயில் ஒரு காலத்தில் குப்பைக் கட்டணத்தைத் தண்ணீர் பில்லோடு சேர்த்து, எவ்வளவு தண்ணீர் செலவானதோ அதை வைத்து வாங்கினார்கள். அடிக்கடி குளிப்பவர் அதிகக் குப்பைக் கட்டணம் கட்டினார்! 2000 ஜூலையில் இதை மாற்றினார்கள். நகரம் விற்கும் பையில் போட்டால்தான் குப்பை எடுக்கப்படும், கட்டணம் அந்தப் பையின் விலைக்குள் இருக்கும். மறுசுழற்சிக்குப் போவதைத் தனியாகப் பிரித்துக் கொடுத்தால் காசில்லை. குறித்த நேரத்தில் லாரி இசை ஒலித்தபடி வரும், மக்கள் பையோடு தெருமுனையில் காத்திருந்து தாங்களே போட வேண்டும். தெருவில் வைத்துவிட்டுப் போக முடியாது. வீட்டுக் குப்பை சில ஆண்டுகளில் மளமளவென்று இறங்கியது. தென் கொரியா இதை 1995 ஜனவரியிலேயே நாடு முழுக்கக் கொண்டுவந்துவிட்டது. பையின் விலையை அந்தந்த உள்ளாட்சியே வைக்கும். 2005இல் உணவுக் கழிவை நேரடியாகக் குழியில் கொட்டத் தடை வந்தது. 2013 முதல் உணவுக் கழிவுக்கு அளவுபார்த்துக் காசு. குப்பை இல்லாத நகரம் என்ற வாக்குறுதியை ஓரளவாவது நெருங்கிய ஊர்களில் பலவும் போடுகிறவரிடம் அளவுக்கேற்பக் காசு வாங்கிய ஊர்கள்தான் என்று சொன்னால் பெரிய தவறில்லை. அறிக்கைகளில் இந்த வரி வராது, துடைப்பத்தோடு எடுத்த படம் வரும்.

குறுக்குவழியாக எரிஉலை வரும். குப்பையும் ஒழியும், மின்சாரமும் கிடைக்கும், யாரும் பிரிக்க வேண்டாம். எரிஉலை என்பது கடன் வாங்கிக் கட்டப்படுவது. கடன் அடைய இருபது, இருபத்தைந்து ஆண்டு அது நிறைந்து எரிய வேண்டும். அதனால் பல ஒப்பந்தங்களில், நகரம் குறிப்பிட்ட அளவு குப்பையைத் தந்தே ஆக வேண்டும், தராவிட்டாலும் பணம் கட்ட வேண்டும் என்று இருக்கும். மறுசுழற்சியை ஒரு கவுன்சில் உண்மையாகவே வெற்றிபெறச் செய்தால், எரிஉலைக் கணக்கில் நஷ்டம். கோபன்ஹேகனில் கூரையில் பனிச்சறுக்குத் தளத்தோடு கட்டிய எரிஉலை உலகப் புகழ் பெற்றது. அதன் வயிற்றை நிரப்ப வெளிநாட்டிலிருந்து குப்பை இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று.

அமெரிக்காவின் ஹாரிஸ்பர்க் அதைவிடப் பாவம். பென்சில்வேனியா மாநிலத் தலைநகரம், ஐம்பதாயிரம் பேர் அளவுதான். 1972இல் கட்டிய எரிஉலையைச் சீரமைக்கிறோம் என்று திரும்பத் திரும்பக் கடன் வாங்கினார்கள். கடைசியில் அந்த ஓர் ஆலையின் கடன் மட்டும் 30 கோடி டாலரைத் தாண்டியது. குழந்தை உட்பட ஆளுக்கு 6,000 டாலர். 2011 அக்டோபரில் கவுன்சில் 4க்கு 3 என்று வாக்களித்து நகரமே திவால் மனு போட்டது. மாநிலச் சட்டப்படி போட உங்களுக்கு அனுமதியில்லை என்று நீதிமன்றம் அதையும் தள்ளியது. பிறகு எரிஉலையை விற்று, நகரத்தின் பார்க்கிங்கை நீண்ட குத்தகைக்குக் கொடுத்துத்தான் மூச்சு விட்டார்கள். அந்தக் கடன்களின் காலம் முழுக்க நகரத்தை ஆண்ட மேயர் 28 ஆண்டு தொடர்ந்து தேர்தலில் ஜெயித்துக்கொண்டிருந்தார்.

குப்பையில் இன்னொரு பக்கம் ஆட்கள். 2025 மார்ச்சில் இங்கிலாந்தின் பர்மிங்காம் தெருக்களில் குப்பை மலையாகக் குவிந்தது. துப்புரவு ஊழியர்கள் வேலைநிறுத்தம். கவுன்சில் ஒரு பணி நிலையையே எடுத்துவிட்டது, அதனால் சம்பளம் குறைகிறது என்பது அவர்கள் குறை. கவுன்சில் சொன்ன காரணம் சம ஊதியச் சட்டம்: ஆண்கள் அதிகம் இருக்கும் வேலைகளுக்குப் பல ஆண்டுகள் கொடுத்த போனஸ், அதே தரத்தில் இருந்த பெண் ஊழியர்களுக்குக் கிடைக்கவில்லை என்று வழக்குகள் வந்து, பல கோடி பவுண்டு பாக்கி சேர்ந்து, 2023 செப்டம்பரில் கவுன்சில் அத்தியாவசியம் தவிர வேறு செலவு செய்ய முடியாது என்று அறிவித்திருந்தது. எலி ஓடும் தெருவைக் காட்டி எந்தக் கட்சியும் ஓட்டுக் கேட்கலாம். அதன் வேர் பல கவுன்சில்களுக்கு முன் போட்ட சம்பளப் பட்டியலில் இருக்கிறது.

அறிக்கையைவிட அதிகம் சொல்லும் தாள்கள் பல ஊர்களில் பொதுவில் கிடைக்கின்றன: தணிக்கை அறிக்கை, ஒப்பந்தப் பட்டியல், கடன் கணக்கு, கவுன்சில் கூட்டக் குறிப்பு. எல்லாவற்றையும் படிக்க யாருக்கும் பொழுதில்லை. ஒன்றை மட்டும் பார்ப்பதென்றால், பழைய குழாய் மாற்ற ஒதுக்கிய பணத்தில் எவ்வளவு செலவானது என்பதைப் பாருங்கள். பட்ஜெட் உரையில் ஒதுக்கீடு மட்டும்தான் வாசிக்கப்படும். ஆண்டுக் கடைசியில் செலவாகாமல் வேறு தலைப்புக்கு மாற்றப்படும் பணம் இதுவாக இருக்கலாம். பிறகு சின்னக் கணக்கு ஒன்று. ஊரில் மொத்தம் 1,000 கிலோமீட்டர் குழாய், ஆண்டுக்கு 5 கிலோமீட்டர் மாற்றுகிறார்கள் என்றால், ஒரு சுற்று முடிய 200 ஆண்டு ஆகும். குழாயின் ஆயுள் மிஞ்சினால் அதில் பாதிதான். ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வேட்பாளர் எண்ணைப் போட்டிருந்தால் நீங்களே வகுத்துப் பார்த்துவிடலாம். போடவில்லை என்றால், பிரசாரக் கூட்டத்தில் கேட்டு வாங்கலாம்.